பரமபதமா, ஆடுபுலியா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பாகூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறீர்கள். 42 பிள்ளைகள், ஒரு ஸ்மார்ட் போர்டு, நெட் உங்கள் போனிலிருந்து. ‘டிஜிட்டலாக ஏதாவது செய்யுங்கள்’ என்று தலைமை ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆறு மாதமாக வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வினாடி வினா செயலி ஒன்றை ஓடவிடுகிறீர்கள். குழுவுக்கு ஒரு போன், அதுவும் ஆசிரியர்களிடம் கடன் வாங்கியது. பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துகிறார்கள். பரீட்சையில் மட்டும் மார்க் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கஹூட், குவிசிஸ் என்ற வினாடி வினா செயலிகள் இரண்டில் எது மேல், பலர் சேர்ந்து ஒரே பக்கத்தில் எழுதும் கூகுள் டாக்ஸ், பேட்லெட் போன்ற கூட்டு வேலைக் கருவிகளையும் சேர்த்தால் பலன் இருக்குமா என்று கேட்கிறீர்கள்.

எந்தச் செயலி என்பதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவில், ‘விளையாடுகிறார்கள், படிக்கிறார்களா என்றுதான் தெரியவில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடலூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 21 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. இந்தக் கருவிகளோடு எட்டு ஒன்பது வருடப் பழக்கம். மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிகளிலும் அவ்வப்போது பேசுகிறேன். தொடக்க வகுப்புகளையும் மொழிப் பாடத்தையும் நான் கையாண்டதில்லை. கீழே சொல்வதை அங்கே அப்படியே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம்.

பரமபதத்தை நினைத்துப் பாருங்கள். தாயம் உருட்டுகிறோம், விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துகிறோம். ஏணி வந்தால் ஏற்றம், பாம்பு வந்தால் இறக்கம். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க அதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. ஆனால் ஆடுகிறவர் முடிவெடுக்க அதில் எதுவுமே இல்லை. ஆடுபுலி ஆட்டம் அப்படியா? மூன்று புலி, பதினைந்து ஆடு. இந்த ஆட்டை இங்கே வைத்தால் அதன் பின்னால் காலி இடம் இருக்கிறதா, புலி தாண்டிவிடுமா, அடுத்த ஆட்டை எங்கே வைத்து அடைப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தாக வேண்டும். யோசிக்காமல் ஆட விதியே விடாது. வகுப்புக்கென்று ஒரு டிஜிட்டல் விளையாட்டு கையில் கிடைத்தால் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இது பரமபதமா, ஆடுபுலியா? அதாவது நான் சொல்லித்தர நினைக்கும் கணக்கைப் போடாமல் இந்த விளையாட்டில் ஒரு அடி எடுத்து வைக்க முடியுமா? முடியும் என்றால் பாடம் வெளியில் ஒட்டிய ஸ்டிக்கர்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கற்பிக்க ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. எதிரே வரும் எலும்புக்கூடுகளின் நெஞ்சில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற ஆயுதத்தை எடுத்து அடித்தால்தான் எலும்புக்கூடு விழும். அதே விளையாட்டின் இன்னொரு வடிவத்தில் சண்டைக்கும் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. வகுத்தல் கேள்விகள் கட்டத்தின் முடிவில் தனியாக வரும். விளையாடிய நேரம் இரண்டிலும் ஒன்றே. கூடுதலாகக் கற்றது, கணக்கு சண்டைக்குள்ளேயே இருந்த வடிவத்தை ஆடிய பிள்ளைகள். பள்ளி முடிந்தபின் நடந்த ஒரு கிளப்பில் 16 பிள்ளைகளுக்கு இரண்டையும் கொடுத்து விருப்பம்போல் ஆட விட்டார்கள். கணக்கு உள்ளே இருந்த வடிவத்தை 7 மடங்கு அதிக நேரம் ஆடியிருக்கிறார்கள். கணக்கை ஒளித்து வைத்தால்தான் பிள்ளைகள் ஆடுவார்கள் என்று நம்மில் பலர் நினைப்பதற்கு இது நேர் எதிர். சின்ன ஆய்வுதான், ஒரே ஒரு விளையாட்டுதான். ஆனாலும் என் வகுப்பில் கண்டதோடு அது ஒத்துப்போகிறது.

இந்தக் கணக்கில் பார்த்தால் கஹூட்டும் குவிசிஸும் பரமபத வகை. புள்ளி, இசை, தரவரிசை எல்லாம் வெளியே ஒட்டியவை. எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாலு விடைகளில் ஒன்றைத் தொடுகிற கேள்வித்தாள். அப்படியானால் வீணா என்றால், இல்லை. இதில் நான் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்க முயல்வது நிலைத்து நிற்கும். ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்தபின் ஒரு பிரிவு அதையே மறுபடி படித்தது, இன்னொரு பிரிவு நினைவுக்கு வந்ததைத் தாளில் எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தி இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. ஒரு வாரத்துக்குப் பிறகுதானே நமக்குப் பரீட்சை! ஆக, வினாடி வினாவில் வேலை செய்வது கேள்விதான். இசை இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.

இங்கேதான் உங்கள் வெள்ளிக்கிழமை பீரியட் சறுக்குகிறது என்று நினைக்கிறேன். அந்த வாரம் நடத்திய பாடத்திலிருந்து அந்த வாரக் கடைசியிலேயே இருபது கேள்வி கேட்கிறீர்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் சூடாக இருக்கும்போதே கேட்பதால் விடை வந்துவிடுகிறது, உங்களுக்கும் திருப்தி. அடுத்த மாதம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நான் இப்போது வாரத்துக்கு இருபது கேள்வி வைப்பதை விட்டுவிட்டு, பீரியட் தொடங்கும்போதே நாலு கேள்வி வைக்கிறேன். ஒன்று நேற்றைய பாடம், இரண்டு போன வாரத்தினுடையது, ஒன்று போன பருவத்தினுடையது. அந்த நாலாவது கேள்விக்கு வகுப்பு முழிக்கும் பாருங்கள், அந்த முழிப்புதான் எனக்கு வேண்டும். அப்புறம் இன்னொன்று. செயலி கேட்பது விடையைத் தொடச் சொல்லி, பரீட்சை கேட்பது படிப்படியாக எழுதச் சொல்லி. ஒன்றில் பழகிவிட்டு மற்றதில் மார்க் வரவில்லையே என்றால் எப்படி வரும்? ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் இரண்டு நிமிடம் நோட்டில் வழிமுறையை எழுதச் சொல்லுங்கள். ‘போங்க மிஸ், அடுத்த கேள்வி போடுங்க’ என்று கத்துவார்கள். கத்தட்டும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கஹூட்டின் வழக்கமான அமைப்பில், கேள்வி வந்த உடனே சரியான விடையைத் தொட்டால் 1,000 புள்ளி. நேரம் முடியும் தறுவாயில் தொட்டால் கிட்டத்தட்ட பாதிதான். பொது அறிவுக்கு இது சரி. கணக்குக்கு இது விஷம். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எந்தக் கணக்கையும் விரலை மடக்கி ஒருமுறை சரிபார்க்காமல் விடை சொல்ல மாட்டாள். தவறே வராது. இப்படி ஒரு வேகப் போட்டியில் மூன்று வாரம் தொடர்ந்து முப்பதாவது இடத்துக்குக் கீழே அவள் பெயர் திரையில் வந்தது. நாலாவது வாரம் அவள் யோசிப்பதை விட்டுவிட்டாள். கேள்வி வந்ததும் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனிக்க இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. அவளிடம் இருந்த நல்ல பழக்கத்தை நானே உட்கார்ந்து கலைத்திருக்கிறேன். செயலியில் கேள்விக்கான நேரத்தை நீட்டலாம், புள்ளியையே நிறுத்தி வைக்கலாம். அந்த அமைப்புகளை முதலில் தேடிப் பிடித்து மாற்றுங்கள். தரவரிசை வேண்டுமென்றால் குழுவுக்குக் காட்டுங்கள், தனிப் பெயருக்கு வேண்டாம்.

எது மேல் என்பதற்கான அந்த இரண்டு வரி பதில்: கஹூட்டில் வழக்கமாக வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைப் பெரிய திரையில் பார்க்கும், குவிசிஸில் அவரவர் வேகத்தில் அவரவர் கருவியில் கேள்வி நகரும். 42 பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிய ஐந்தாறு போன் வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டுமே தோதில்லை.

உங்களுக்குத் தோதானது பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம், உங்கள் போன் ஒன்று போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் க்யூஆர் போல ஒரு கறுப்பு உருவம், நாலு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்த எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை இடமிருந்து வலமாக ஓட்டினால் யார் எந்த விடை என்று பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் உருவமும் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிப்பது கஷ்டம். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைதான். உங்களுக்கு 42 பிள்ளைகள் என்பதால் 63 அட்டை உள்ள தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். லேமினேஷன் போடக் கொடுத்தால் பளபளப்பு இல்லாத தாளாகக் கேளுங்கள். முதல் தடவை நான் பளபள என்று போட்டுவிட்டேன், ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துப் பின் இரண்டு வரிசையை போன் படிக்கவே இல்லை. விரலால் உருவத்தை மறைத்துப் பிடிப்பார்கள், அதற்கும் ஒரு நாள் பழக்க வேண்டும்.

அட்டை வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி, விடைகள் பதிவான பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. ஹார்வர்டில் இயற்பியல் எடுத்த எரிக் மஸூர் 1991 முதல் ஒரு முறையைக் கையாண்டு வருகிறார். கேள்வி போடு, தனித்தனியே வாக்களிக்கச் சொல், சரியான விடை எது என்று சொல்லாதே, பக்கத்தில் இருப்பவரிடம் பேசி ஒத்துக்கொள்ள வைக்கச் சொல், மறுபடி வாக்கெடு. சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால்தான் பேச விடுவது பலன் தரும். அதற்குக் கீழே என்றால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும், மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகர வேண்டும். கல்லூரிக்காக வந்த முறை இது, ஆனால் ஏழாம் வகுப்பில் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இறங்குகிறது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கேள்வி: 1/3 + 1/4 எவ்வளவு? அன்று 41 பேர் வந்திருந்தார்கள். முதல் வாக்கில் 22 பேர் 2/7 என்றார்கள். மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. 7/12 என்றவர்கள் 13 பேர், மற்ற ஆறு பேர் சிதறிக் கிடந்தார்கள். நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், ‘பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க, மூணு நிமிஷம்’ என்றேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன், வழக்கமாக வாயே திறக்காதவன், பக்கத்தில் இருந்தவனிடம் சண்டைக்கே போய்விட்டான். “அரை கடலை உருண்டையும் இன்னொரு அரையும் சேத்தா ஒரு முழு உருண்டைடா. உன் கணக்குப்படி மேல ரெண்டு, கீழ நாலு. நாலுல ரெண்டுன்னா அரை உருண்டைதானே? மிச்சத்த யாரு தின்னது?” பக்கத்தில் இருந்தவன் அசையவில்லை. “அது வேற கணக்கு, இது வேற கணக்கு” என்றான். ஆனால் அடுத்த பெஞ்சுப் பெண்கள் இருவர் காதில் அது விழுந்துவிட்டது, அங்கிருந்து முன் வரிசைக்கும் போயிற்று. இரண்டாவது வாக்கில் 34 பேர் 7/12. எல்லோருக்கும் புரிந்துதான் மாறினார்களா, சத்தமாகப் பேசியவனைப் பார்த்து மாறினார்களா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் மூன்றாவதாக அதே வகையில் எண்களை மாற்றி ஒரு கேள்வி, இந்த முறை பேசக் கூடாது. 30 பேர் சரி. நாலு பேர் கூட்டத்தோடு போனவர்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. நானாக இருந்தால் பொது மடங்கு எடுப்பது எப்படி என்று நாலாவது முறையாகப் போர்டில் போட்டிருப்பேன். ‘மிச்சத்த யாரு தின்னது’ என்று கேட்க எனக்குத் தோன்றியிருக்காது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் உங்கள் புத்தகம் வேறு, எங்கள் சமச்சீர்ப் புத்தகம் வேறு. ஆனால் 2/7 என்று எழுதும் பிள்ளை பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது.

ஆடுபுலி வகைக்கு வருகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப் பயிற்சிகளைப் பார்த்திருக்கிறீர்களா? இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. இலவசம். பலவற்றை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. மின்சுற்று அமைக்கும் பயிற்சியில் பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச் எல்லாம் திரையில் கிடக்கும். சுற்று முழுமையானால்தான் பல்பு எரியும். புள்ளியும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. பல்பு எரிவதுதான் பரிசு. ஒரே திரை இருந்தாலும் போதும். ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்தி, ‘இன்னொரு பல்பை இதே வரிசையில் சேர்த்தால் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா’ என்று கேட்டு, அட்டையைத் தூக்க வைத்து, அதன் பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். கணித்துவிட்டுப் பார்ப்பதற்கும் சும்மா பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள், 2001-இல் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற ஆஸ்திரியர் தொடங்கியது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180-ஐ விட்டு நகராததைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். ஏன் நகரவில்லை என்ற கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும், அது கேட்காது.

கூட்டு வேலைக் கருவிகளில் என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கும். பக்கத்து பெஞ்சில் இருப்பவனோடு பேச நெட் எதற்கு? ஒரே அறையில் இருக்கும் நாலு பேர் ஒரு சார்ட் பேப்பரைச் சுற்றி உட்கார்ந்து செய்வதை, ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று செய்தால் ஒருவன் டைப் அடிப்பான், ஒருவன் மவுஸைப் பிடுங்குவான், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆய்வகத்தில் முதல் தடவை ஒரு கூகுள் ஸ்லைட்ஸ் இணைப்பை எல்லாக் குழுக்களுக்கும் கொடுத்து, எல்லோரும் திருத்தலாம் என்று வைத்தேன். நாலே நிமிடம். யாரோ மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார்கள். பதிப்பு வரலாற்றுக்குள் போனால் பழையதை மீட்கலாம் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அதிலிருந்து குழுவுக்கு ஒரு ஸ்லைடு, அதன் தலையில் குழு எண். வேறு ஸ்லைடைத் தொட்டால் அன்றைக்கு அந்தக் குழு சார்ட் பேப்பருக்குத் திரும்பிவிடும்.

கூட்டாளி அறைக்கு வெளியே இருக்கும்போதுதான் இந்தக் கருவிகளின் அருமை தெரியும். 2024 வடகிழக்குப் பருவமழையின்போது கடலூர், நெல்லிக்குப்பம், தவளக்குப்பம், வில்லியனூர் என்று நாலு ஊர் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு கூகுள் ஷீட் திறந்தோம். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியம் குறித்து ஸ்கேல் ஒட்டினால் மழைமானி. வானிலைத் துறை கணக்கெடுக்கும் அதே காலை 8:30-க்குப் பிள்ளைகள் அளவைப் பார்க்க வேண்டும், ஆசிரியர் வழியாக அந்த கூகுள் தாளில் ஏற்ற வேண்டும். முதல் வாரமே கலகலப்பு. இங்கே 3 செ.மீ. என்றால் வில்லியனூரில் சொட்டுகூட இல்லை. ‘அவங்க பொய் சொல்றாங்க மிஸ்’ என்று என் பிள்ளைகள் சாதித்தார்கள். மழை ஊருக்கு ஊர் மாறும் என்று புத்தகத்தில் படித்தவர்கள்தான்.

அப்புறம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் பாட்டிலின் உயரமோ 20 செ.மீ. கரண்ட் வந்து, வெள்ளம் வடிந்து, பள்ளி திறந்து, தாளில் அந்த நாளுக்கான வரிசையைப் பார்த்தால் ஒருவர் 20 என்று போட்டிருக்கிறார், ஒருவர் 0, காரணம் பாட்டில் காற்றோடு போய்விட்டது. ஒருவர் காலியாக விட்டிருக்கிறார். ஒரு பிள்ளை எண் போட வேண்டிய கட்டத்தில் ‘வழிஞ்சிடுச்சு’ என்று எழுதியிருந்தது. நானும் மற்ற மூன்று ஊர் ஆசிரியர்களும் அதைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் சராசரி போட்டபோதுதான் விஷயமே தொடங்கியது. எழுத்து இருக்கும் கட்டத்தை ஷீட் கணக்கில் சேர்க்காது, அதனால் ‘வழிஞ்சிடுச்சு’ ஊரின் சராசரியில் அந்தப் பெருமழை வந்த நாளே காணோம். 0 போட்ட ஊரிலோ புயல் நாள் வறண்ட நாளாகிவிட்டது. நாலில் எது சரி? கட்டத்தில் கருத்து எழுதும் வசதியில் நாலு ஊர்ப் பிள்ளைகளும் ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். ‘20 என்று போடாதே, 20-க்கு மேல் என்று போடு’ என்று ஒரு பெண் எழுதினாள். ‘தெரியலைன்னா தெரியலைன்னுதான் எழுதணும், 0-ன்னா மழையே இல்லைன்னு அர்த்தம்’ என்று தவளக்குப்பத்துப் பையன் ஒருவன். புள்ளியியலில் விடுபட்ட மதிப்பு என்று கல்லூரியில் சொல்லித்தரும் விஷயம் இது. ஏழாம் வகுப்பில் எந்தப் பாடத்திலும் இல்லை. அந்தத் தாள் பொதுவில் இல்லாமல் அவரவர் நோட்டில் இருந்திருந்தால் இந்தச் சண்டை நடந்தே இருக்காது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் குழந்தைகள், அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்குத் திறக்கத் தேவையில்லாத கருவியாகப் பாருங்கள். பெயருக்குப் பதில் வருகை எண் போதும், போட்டோ வேண்டாம். புனைபெயரை அவர்களையே எழுதவிடாதீர்கள். நான் விட்டேன், ஓர் ஆய்வு அலுவலர் வந்திருந்த அன்று, பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் திரையில் முதல் இடத்தில் வந்து நின்றது. வீட்டுப்பாடத்தைச் செயலியில் கொடுக்காதீர்கள் என்பது அதைவிட முக்கியம். அப்பாவின் போன் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு திரும்பும், அதிலும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று ஒரு செயலி உங்களிடம் சிவப்பில் காட்டும்.

கருவியை நம்பிப் பாடத்தைக் கட்டாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். கூகுளின் ஜாம்போர்டு என்ற டிஜிட்டல் கரும்பலகைச் செயலி 2024 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் ஃபிளிப் செயலியும் அதே ஆண்டு நின்றது. பெங்களூரில் 2015-இல் தொடங்கிய குவிசிஸ், 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயரையே மாற்றிக்கொண்டுவிட்டது. நல்ல கேள்விகளை ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். 2/7 போல நல்ல தவறான விடை கிடைப்பது சரியான கேள்வி கிடைப்பதைவிட அரிது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. புது விளையாட்டு வந்த முதல் மாதத்தில் காணும் உற்சாகத்தில் எவ்வளவு புதுமைக்கானது, எவ்வளவு கற்றலுக்கானது என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்கே சிரமம். என் வகுப்பில் எந்தச் செயலியின் மவுசும் ஒரு பருவத்தைத் தாண்டவில்லை, அட்டை உட்பட. தரவரிசையும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. மேலே சொன்ன பெண்ணைக் கலைத்த அதே பட்டியல், பின் பெஞ்சுப் பையன்கள் மூன்று பேரை முதன்முறையாகப் புத்தகம் திறக்க வைத்தது. மார்க் கூடுமா என்று கேட்டால், நாலு கேள்வி, இரண்டு வாக்கு, நோட்டில் எழுதுவது என்ற வழக்கத்துக்குப் பிறகு என் வகுப்பில் பின்னத்திலும் முழுக்களிலும் தவறு குறைந்தது, வடிவியலில் பெரிய மாற்றம் இல்லை. அது செயலியாலா, நான் அந்த இரண்டு பாடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுத்ததாலா என்று கேட்டால் இரண்டும் கலந்துதான்.

தலைமை ஆசிரியருக்கு என்ன காட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள். சிரிக்கிற பிள்ளைகளின் வீடியோவை விடுங்கள். ஒரே கேள்விக்கான முதல் வாக்கையும் இரண்டாவது வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் வையுங்கள். எங்கள் தலைமை ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, ‘இந்த 22 பேர் யாரு?’ என்றுதான் முதலில் கேட்டார். அதற்கு அப்புறம் டிஜிட்டல் என்ற வார்த்தை எங்கள் பேச்சில் வரவே இல்லை. அடுத்து எந்தப் பாடம் தொடங்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பின்னமோ முழுக்களோ என்றால் தவறான விடைகளோடு என்னிடம் இருக்கும் கேள்விகளை இங்கேயே போடுகிறேன்.